வேரகத்து உறவு

கிருமி என்னும் சொல் தமிழிலே நற்பெயர் பெற்றதன்று. வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்குப் புழு என்பதே பழைய பொருள். கண்ணுக்குப் புலனாகாத நோய்முதல்கள் உண்டென்று மேனாட்டார் கண்டு சொன்னபோது, நாம் அந்தப் புழுவை எடுத்து அவற்றின்மேல் ஏற்றிவிட்டோம். அன்றுதொட்டுக் கிருமி என்றால் நோய். கிருமி என்றால் கொல்லப்படவேண்டியது. மேனாட்டார் இட்ட பெயரோ அத்துணைக் கொடியதன்று. பற்றீரியா என்பது சிறுகோல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நுணுக்குக்காட்டியினூடே நோக்கிப் பெயரிட்டவர் கண்ணுக்கு அவை சிறு கோல்களாகத் தோன்றின, அவ்வளவே. அப்பெயரிலே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஆதலின் இக்கட்டுரையிலே கிருமி என்னாது பற்றீரியா என்றே ஆளுகின்றேன். நான் சொல்லப் புகுந்தவை நோய் செய்வன அல்ல. நாம் நாள்தோறும் உண்ணும் சோற்றுக்கு மூலமாகிய நெல்லின் வேருக்குள்ளே குடியிருந்து, அவ்வேருக்கு நலஞ்செய்து வாழ்வன. வேரைச் சூழ்ந்த மண்ணிலே வாழ்வனவற்றைச் சொல்லவில்லை; வேரின் உள்ளே, கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலே வாழ்வனவற்றையே சொல்லுகின்றேன்.

பெயரைப் பற்றிப் பேச்செடுத்தமையால் இன்னுமொரு பெயரையும் சொல்லி அப்பாற் செல்லுதல் தகும். நாம் நைதரசன் என்று வழங்கும் வாயுவுக்குப் பிரான்சு தேசத்து இலவோசியர் இட்ட பெயர் அசோற் என்பது. உயிரில்லாதது என்று அதற்குப் பொருள். அவ்வாயுவிலே பிராணிகள் பிழைப்பதில்லை, விளக்கு எரிவதில்லை. ஆகவே பெயர் பொருந்தும் என்று அவர் கருதினார். பின்னர் வந்த ஆராய்ச்சி என்ன கண்டது? உயிருள்ள உடம்பு ஒவ்வொன்றிலும் உள்ள புரதத்துக்கு இந்த உயிரில்லாதது இன்றியமையாத உறுப்பு என்று கண்டது. நைதரசன் இல்லையேல் இலையிலே பச்சை இல்லை. கதிரிலே மணி இல்லை.

வளிமண்டலத்திலே நூற்றுக்கு 78 பங்கு நைதரசனே. நெற்பயிர் இரவும் பகலும் அக்கடலிலேயே நிற்கின்றது. நின்றும் அதனால் ஒரு துளியும் அருந்த முடியாது. நைதரசன் அணுக்கள் இரண்டு மும்மடிப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன; அக்கட்டை அவிழ்க்கும் ஆற்றல் எந்தப் பயிருக்கும் இல்லை. மனிதன் அதனை அவிழ்த்த வரலாறு அண்மையது. யேர்மனியிலே பிறிற்ஸ் ஏபர் 1909ஆம் ஆண்டிலே ஆய்கூடத்தில் வழிகண்டார். 1913ஆம் ஆண்டிலே ஒப்பௌ என்னும் இடத்துத் தொழிற்சாலை அவ்வழியாலே அமோனியா ஆக்கத் தொடங்கிற்று. வளிமண்டல அமுக்கத்தின் 200 மடங்கு அளவான அமுக்கமும், 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் அதற்கு வேண்டியிருந்தன. நம் கமக்காரர் மூடை மூடையாக வயலில் வீசும் யூரியா அந்த அமோனியாவின் வழித்தோன்றலே.

இதே செயலை அவரையினத்துச் செடிகளின் வேர்முடிச்சிலே வாழும் பற்றீரியா, நெருப்பும் இல்லாமல் அமுக்கமும் இல்லாமல், வயல் வெப்பநிலையிலேயே செய்துவிடுகின்றது. யேர்மனியிலே எல்றீகல், வில்பார்த் என்னும் இருவர் 1886ஆம் ஆண்டிலே இதனை அறிவித்தனர். 1888ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரான பையரிங் அப்பற்றீரியாவை முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தார். அதற்கு வழங்கும் றைசோபியம் என்ற பெயரைத் தமிழாக்கினால் வேர்வாழி எனலாம். பயற்றஞ்செடி ஒன்றைப் பூக்கும் பருவத்திலே பிடுங்கி, வேரிலுள்ள சிறு முடிச்சு ஒன்றை நகத்தினால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். நம் குருதியைச் சிவப்பாக்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்த ஒன்று அங்கே உண்டு. நைதரசனைப் பதிக்கும் நொதியம் ஒட்சிசன் பட்டால் அழியும். ஆகவே செடி அந்தச் செம்பொருளைக் கொண்டு ஒட்சிசனை அடக்கி வைக்கின்றது. விருந்தினருக்கு அறை கட்டிக் கொடுத்து, அறையின் காற்றையும் அளந்து விடுகின்ற வீட்டுக்காரி அவள். மாணவர்க்குக் காட்டுதற்கு இதனினும் சிறந்த பாடம் விஞ்ஞான நூல்களிலே அதிகம் இல்லை.

நெல்லுக்கு இந்த முடிச்சு இல்லை. நெல் புல்லினம். தொல்காப்பியர் மரபியலிலே புறத்தே வைரமுடையதைப் புல் என்றும், அகத்தே வைரமுடையதை மரம் என்றும் வகுத்தார். அந்தப் புல்லினத்திலேதான் நெல்லும் கரும்பும் சோளமும் குரக்கனும் அடங்கும். மனிதகுலத்தின் பசியை ஆற்றுவது பெரும்பாலும் இந்தப் புல்லே. புல்லோ முடிச்சிடாத சாதி. நெல்லுக்கும் ஒரு முடிச்சு வாய்க்குமானால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற ஆசை விஞ்ஞானிகளுக்கு எழுந்ததிலே வியப்பில்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1992ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்து ஒரு தொகுப்பு நூலே வெளியிட்டனர். ஆசை இன்றும் ஆசையாகவே இருக்கின்றது.

இனி எகிப்துக்குப் போவோம்.

நைல் நதி கடலோடு கலக்கும் கழிமுகத்திலே கோடைப்பயிராக நெல் விளைகின்றது. நெல் அறுத்த வயலிலே மாரிகாலத்தில் பெர்சீம் என்னும் தீவனப் பயிரை விதைப்பர். அஃது அவரையினத்துச் செடி, ஆடுமாடுகளுக்கு உணவு, வேரிலே முடிச்சுடையது. நெல், பின்னர் பெர்சீம், மறுபடி நெல் என்ற இந்தச் சுழற்சி அங்கே 7 நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. பெர்சீம் நின்ற வயலிலே நெல்லுக்கு யூரியா குறைவாக இட்டாலும் போதும் என்பது கண்டறியப்பட்டது. விதிக்கப்பட்ட நைதரசன் பசளையிலே நூற்றுக்கு 25 முதல் 33 பங்கு வரை மீதமாயிற்று. பெர்சீமின் வேரும் தாளும் மண்ணிலே அழுகி நைதரசனைக் கொடுக்கின்றன என்று சொல்லிவிடலாம். எவரும் அப்படித்தான் சொல்லுவர். ஆனால் கணக்குப் பார்த்தபோது அழுகலாலே வந்த நைதரசன் மாத்திரம் இந்நன்மை முழுவதையும் விளக்கப் போதவில்லை.

எகிப்தியரான யூசெப் யன்னியும், அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துப் பிராங்க் டாசோவும், அவர்தம் கூட்டாளிகளும் வேறொரு வினாவை எழுப்பினர். பெர்சீமின் முடிச்சிலே வாழ்ந்த பற்றீரியா, பெர்சீம் போனபின் எங்கே தங்குகின்றது? அயலிலே நிற்கும் நெல்வேருக்குள் புகுந்துகொள்கின்றதோ?

அவர்கள் அதனைச் சோதித்த முறை என் மனத்தை மிகவும் கவர்ந்தது. நெல்வேரை வயலிலிருந்து எடுத்து, அதன் மேற்பரப்பிலே ஓர் உயிரும் எஞ்சாதவாறு மருந்தினாற் கழுவினர். பின்னர் வேரை அரைத்தனர். அரைத்த சாற்றிலே ஆயிரம் வகைப் பற்றீரியா இருக்கலாம். அவற்றுள்ளே பெர்சீமின் தோழன் எது என்று கண்டுபிடிப்பது எப்படி? கண்டுபிடிக்கும் வேலையைப் பெர்சீமிடமே விட்டனர். நுண்ணுயிர் அற்ற சூழலிலே முளைக்கவைத்த பெர்சீம் நாற்றுகளுக்கு அச்சாற்றை இட்டனர். பெர்சீம் தன் தோழன் வந்தாலன்றி முடிச்சிடாது. நாற்றுகளோ முடிச்சிட்டன. அம்முடிச்சிலிருந்து எடுத்த பற்றீரியாவை மீண்டும் தூய நெல் நாற்றுக்கு இட்டபோது அஃது உள்ளே புகுந்து குடியேறிற்று. நோய்முதல்களைத் துணிவதற்கு றொபேட் கொக் வகுத்த நியாயத்தையே இங்கே நன்மைமுதலைத் துணிவதற்கு ஆண்டிருக்கின்றனர். நியாயநூல் கற்றவர் எவரும் இந்தப் பிரமாணத்திலே குற்றங்காணல் அரிது. 1997ஆம் ஆண்டிலே இவ்வாராய்ச்சி வெளியாயிற்று.

இங்கே எல்லாரும் எதிர்பார்க்கும் முடிவு ஒன்றுண்டு. பற்றீரியா நெல்லுக்குள்ளே இருந்து காற்றின் நைதரசனைப் பதித்து ஊட்டுகின்றது என்பது அம்முடிவு. உண்மை அப்படி அமையவில்லை. நெல்வேரிலே முடிச்சு உண்டாகவில்லை. நைதரசனின் பாரமான சமதானியைக் கொண்டு அளந்து பார்த்தபோதும், நெல்லுக்குக் கிடைத்த நன்மைக்குக் காற்றிலிருந்து வந்த நைதரசன் காரணமாகக் காணப்படவில்லை. பின் என்ன செய்கின்றது? ஒட்சின், ஜிபரெலின் என்னும் வளர்ச்சி ஓமோன்களைச் சுரக்கின்றது. அவற்றாலே நெல்வேர் நீண்டு, கிளைத்து, பரந்து மண்ணைத் துழாவுகின்றது. துழாவும் வேர் மண்ணிலே ஏற்கெனவே இருக்கும் நைதரசனையும் பொசுபரசையும் பொற்றாசியத்தையும் அதிகமாகக் கவர்கின்றது. சோறு கொண்டுவரும் விருந்தினர் என்று நாம் எண்ணியிருந்தோம். அவர்கள் வீட்டுக்காரனைத் தட்டியெழுப்பி வேலைக்கு அனுப்புகின்றவர்களாயிருந்தனர்.

எல்லாப் பற்றீரியாவும் இவ்வாறு செய்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே வயலிலிருந்து எடுத்தவற்றுள் சில நெல்லை வளர்த்தன. சில ஒன்றும் செய்யவில்லை. சில வளர்ச்சியைக் குன்றச்செய்தன. ஒரு நெல்லினத்துக்கு உவந்தது மற்றோரினத்துக்கு உவவாததும் உண்டு. இச்செய்தியைப் பின்னர் எடுத்தாளுவேன்.

வேர் என்பது திறந்த வீடன்று. அஃது தன்னைக் காக்கும் தோலுடையது. அன்னியர் வரவை உணர்ந்து எதிர்க்கும் ஆற்றலும் உடையது. ஆயினும் அதற்கு ஒரு வேளை வருகின்றது. பக்கவேர் ஒன்று தாய்வேரின் உள்ளிருந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்போது அங்கே ஒரு வெடிப்பு உண்டாகின்றது. அந்த வெடிப்பே வாயில். உள்ளே சென்றால் நெல்வேருக்கு இயல்பாகவே காற்றறைகள் உண்டு. சேற்றிலே நிற்கும் பயிர் மூச்சுவிடுதற்கு அமைந்தவை அவை. கலங்களின் இடைவெளிகளும் அக்காற்றறைகளும் பற்றீரியாவுக்கு உறைவிடம் ஆகின்றன. சீன தேசத்து ஆராய்ச்சியாளர் ஒளிரும் புரதத்தின் பரம்பரையலகைப் பற்றீரியாவுக்குள் வைத்து, அஃது எங்கெங்கே போகின்றது என்று பின்தொடர்ந்தனர். வேரிலே நுழைந்தது தண்டின் அடிக்கும், அங்கிருந்து இலையுறைக்கும் இலைக்கும் ஏறிச் செல்வதை 2005ஆம் ஆண்டிலே வெளியிட்டனர்.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2015ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று தமிழ்ப் பண்டிதன் கண்ணுக்குத் தனியாகத் தெரியவேண்டிய ஒன்று. நெல்வேரைச் சார்ந்த நுண்ணுயிர்களை அவர்கள் மூன்று இடமாக வகுத்தனர். வேரைச் சூழ்ந்த மண் ஒன்று. வேரின் மேற்பரப்பு ஒன்று. வேரின் உள் ஒன்று. புறம், புறத்தோல், அகம் என்று நான் அவற்றைச் சொல்லிக்கொள்வேன். புறத்திலே கூட்டம் பெரிது, வகையும் பல. அகத்திலே வகை குறைவு; தெரிந்தெடுத்த சிலரே. தூய நாற்றை வயல் மண்ணிலே நட்ட 24 மணி நேரத்துக்குள்ளாகவே அகத்திலே குடியேற்றம் தொடங்கிவிடுகின்றது. ஏறத்தாழ 2 வாரத்திலே கூட்டம் நிலைபெறுகின்றது. நாற்று நட்டு வேர்பிடிக்கும் நாட்கள் என்று நம் கமக்காரர் சொல்லும் நாட்களிலேதான் இத்தனையும் நடந்தேறுகின்றன.

யார் உள்ளே வருவது என்பதிலே நெல்லுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. நம் நாட்டிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் விளைவது இண்டிக்கா வகுப்பு நெல். யப்பானிலே விளைவது யப்பொனிக்கா வகுப்பு. இவ்விரண்டையும் ஒரே வயலிலே வளர்த்துப் பார்த்த சீன ஆராய்ச்சியாளர், இண்டிக்காவின் வேர் நைதரசனைக் கையாளவல்ல பற்றீரியாவை மிகுதியாகச் சேர்த்துக்கொள்கின்றது என்று 2019ஆம் ஆண்டிலே அறிவித்தனர். நைத்திரேற்றை உணர்ந்து கடத்தும் ஒரு பரம்பரையலகின் வேறுபாடு இதற்கு ஒரு காரணம்.

காற்றின் நைதரசனையே பதிக்கவல்ல அகவாழிகளும் இல்லாமல் இல்லை. பிறேசில் தேசத்திலே வாழ்ந்த யொகானா டோபறைனர் என்னும் அம்மையார், முடிச்சிடாத புல்லினத்திலும் நைதரசன் பதிப்போர் உண்டு என்பதைத் தம் வாழ்நாட் பணியாக ஆராய்ந்தவர். 1924ஆம் ஆண்டிலே செக்கோசிலோவாக்கியாவிலே பிறந்து, இரண்டாம் மகாயுத்தத்தின் பின் பிறேசிலுக்குக் குடிபெயர்ந்து, 2000ஆம் ஆண்டிலே மறைந்தார். கரும்பின் உள்ளே வாழ்ந்து நைதரசன் பதிக்கும் பற்றீரியாவை அவரும் அவர் துணைவரும் 1988ஆம் ஆண்டிலே விவரித்தனர். இன்னொன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலே கிடைத்தது. அங்கே உவர்நிலத்திலே கல்லர் என்னும் புல் பசளையின்றியே செழித்து வளர்கின்றது. அதன் வேரிலிருந்து பிரித்தெடுத்த பற்றீரியாவுக்கு 1993ஆம் ஆண்டிலே அசோஆர்க்கசு எனப் பெயரிட்டனர். நைதரசன் வில் என்பது பொருள். இதுவும் நெல்வேருக்குள்ளே சென்று, காற்றறையிலே தங்கி, நைதரசன் பதிக்கும் பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்துகின்றது. கல்லர் என்றால் அந்நாட்டு மொழியிலே உவர்நிலம். நம் மொழியிலே களர் என்றாலும் உவர்நிலமே. இவ்விரு சொற்களும் உறவோ அன்றோ என்பதைச் சொன்னூல் வல்லார் ஆராய்வாராக. எனக்கு அந்த ஒலி இனிக்கின்றது.

இவையெல்லாம் கேட்டு மகிழ்தற்குரிய செய்திகள் மாத்திரம் என்றால் இக்கட்டுரையை நான் எழுதியிரேன். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே நம் நாட்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே அத்தடை நீக்கப்பட்டது. அதற்கிடையிலே பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்து விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்ததை யாவரும் அறிவர். அக்காலத்திலே வன்னிப் பகுதியிலே வயல் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு போத்தலோடு என்னிடம் வந்தார். உள்ளே கலங்கிய நீர்போல ஏதோ இருந்தது. ஒட்டியிருந்த தாளிலே ஆங்கிலம் நிறைய; தமிழ் கொஞ்சம்; அந்தத் தமிழும் பிழை.

"ஐயா, இதிலே என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ. இதை விட்டால் யூரியா தேவையில்லை எண்டு கடைக்காரர் சொல்லுறார்."

என்னோடு கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியரையும் அழைத்து இருவருமாக வாசித்தோம். நைதரசன் பதிக்கும் பற்றீரியா உள்ளே உண்டு என்றும், நெல்லுக்கு வேண்டிய நைதரசன் முழுவதையும் அது காற்றிலிருந்து தரும் என்றும் எழுதியிருந்தது. எந்தப் பற்றீரியா என்று பெயர் இல்லை. ஒரு மில்லிலீற்றரிலே உயிரோடு எத்தனை என்ற கணக்கு இல்லை. எந்நாள்வரை உயிரோடிருக்கும் என்ற தேதியும் இல்லை.

"தம்பி, இது கடையிலே எங்கே இருந்தது?" என்று கேட்டேன்.

"முன் விறாந்தையிலே, வெயிலுக்கை அடுக்கி வைச்சிருந்தவை."

ஆசிரியர் ஒரு தாளிலே கணக்கிட்டார். 1 தொன் நெல் விளைய ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம் நைதரசன் பயிருக்குள் ஏறவேண்டும். எக்டேயருக்கு 4 தொன் விளைவதானால் 60 முதல் 80 கிலோகிராம். நெல்வேரின் அகத்தே வாழும் பற்றீரியா அத்தனையையும் காற்றிலிருந்து இறக்கித் தந்ததாக எந்த ஆராய்ச்சியும் காட்டவில்லை. மேலும், பற்றீரியா உயிருள்ள பொருள். வெயிலிலே வெந்தால் இறக்கும். இறந்தபின் போத்தலிலே இருப்பது வெறும் அழுக்குநீர். முழு வயலுக்கும் இதை நம்பவேண்டாம், ஒரு துண்டிலே மாத்திரம் விட்டு, பக்கத்துத் துண்டிலே விடாமல் ஒப்பிட்டுப் பாரும் என்று சொல்லி அனுப்பினோம். அவ்வாறே செய்தார். இரண்டு துண்டும் ஒன்றாகவே மஞ்சளித்தன.

அந்தப் போத்தலைக் கொண்டு வேரகத்துப் பற்றீரியாவின்மேற் பழிசொல்வது அறியாமை. தமிழகத்திலே அசோஸ்பிரில்லம் என்னும் பற்றீரியாவை விவசாயப் பல்கலைக்கழகத்தார் வளர்த்துப் பொதிசெய்து கொடுக்கின்றனர். நாற்றின் வேரை அதன் கரைசலிலே நனைத்து நடுகின்றனர். அங்கே அதனைப் பசளைக்குத் துணையாகவே சொல்லுகின்றனர். எகிப்திலும் மூன்றிலொரு பங்குவரை பசளை மீதமாயிற்று என்றே கண்டனர். பசளையே வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. அந்த மூன்றிலொரு பங்கும் சிறிதன்று. சேற்று வயலிலே இடும் யூரியாவிலே பாதிக்கு மேல் பயிருக்குக் கிட்டாமல் ஆவியாகியும் நீரோடு கலந்தும் வீணாகின்றது. வேர் பரந்து துழாவினால் அந்த வீணிலே ஒரு பகுதியேனும் கதிருக்குப் போகும். யூரியாவைத் திடீரென்று நிறுத்தியவர்களும், போத்தலைக் காட்டி விற்றவர்களும், இந்த மூன்றிலொரு பங்கை முழுப்பங்காக மதித்தார்கள் அல்லது மதிப்பதாகக் காட்டிக்கொண்டார்கள். கமக்காரன் பட்ட நட்டத்துக்கு அப்புறம் அவனிடம் பற்றீரியா என்ற பேச்செடுத்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றான். அவனைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. உண்மையான நன்மை ஒன்று பொய்யான விளம்பரத்தாலே அவன் வாயிலிலிருந்து திருப்பியனுப்பப்பட்டதே என்பதுதான் என் வருத்தம்.

யாழ்ப்பாணத்து வயல்களிலே நெல் அறுத்த ஈரத்திலே பயறும் சணலும் விதைக்கும் வழக்கம் உண்டு. இரண்டும் முடிச்சிடும் செடிகள். அந்த மாணவர் இப்பொழுது சணல் விதைத்துப் பூக்குமுன் உழுது புதைக்கின்றார். யூரியாவும் இடுகின்றார், முன்னிலும் சற்றுக் குறைவாக. போத்தல் வாங்குவதில்லை.

அவருக்கு அண்மையிலே நான் சொன்ன செய்தி வேறொன்று. சீனாவின் செசியாங் மாகாணத்திலே ஒரே இன நெல் சில வயல்களிலே நாற்றழுகல் நோய்க்கு இரையாயிற்று; வேறு வயல்களிலே தப்பி நின்றது. ஒரே இனம், ஒரே பரம்பரையலகு. வேறுபாடு எங்கிருந்து வந்தது? தப்பிய நெல்லின் விதைக்குள்ளே இசுபிங்கோமோனசு மெலோனிசு என்னும் பற்றீரியா மிகுந்திருந்தது. அது சுரக்கும் ஓர் அமிலம் நோயாக்கியின் நஞ்சு உற்பத்தியைத் தடுத்தது. தாய்ப்பயிரின் விதையிலிருந்து மகட்பயிருக்கு அது தலைமுறை தலைமுறையாகச் செல்கின்றது என்று 2021ஆம் ஆண்டிலே வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இதைக் கேட்ட மாணவர், நோயில்லாத மேட்டுத்துண்டிலே விளைந்த நெல்லையே தம் தாயார் விதைநெல்லாகப் பிரித்து வைப்பார் என்றும், வெளியிலே விதை வாங்கினால் ஏசுவார் என்றும் சொன்னார். சென்ற பெரும்போகத்துக்கு அந்தத் துண்டிலிருந்து 2 மூடை எடுத்து வைத்திருக்கின்றார்.